சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமும் கோத்தகிரி லைன் வீடும்: ஒரு நிகழ்வு ஆய்வு

1964 அக்டோபர் 30 அன்று இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கேயும் பரிமாறிக்கொண்ட கடிதங்களின் சாரம் நான்கு எண்களில் அடங்கிவிடும். இலங்கையில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 9,75,000 பேர். அவர்களில் 5,25,000 பேரை, அவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளோடு சேர்த்து, இந்தியா ஏற்றுக்கொள்ளும். 3,00,000 பேருக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும் இலங்கை குடியுரிமை தரும். மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். எல்லாம் 15 ஆண்டுகளுக்குள்.

ஒரு தேசத்தின் நிலப்பகுதியைப் பிற நாட்டுக்குக் கொடுப்பதற்கே நாடாளுமன்றம் அரசியலமைப்பைத் திருத்த வேண்டும் என்று 1960இல் பெருபாரி வழக்கில் நம் உச்ச நீதிமன்றம் சொல்லியிருந்தது. ஆனால் பத்து லட்சத்துக்குச் சற்றுக் குறைவான மனிதர்களைப் பங்கு பிரிக்க இரண்டு கடிதங்கள் போதுமானதாக இருந்தன. அந்தப் பங்கில் ஒரு பகுதி நீலகிரிக்கு ஏறி வந்தது. கோத்தகிரி, குன்னூர், கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி என்று இந்த மலையில் எங்கே போனாலும் ‘சிலோன்காரங்க’ என்று ஊர் சொல்லும் குடும்பங்கள் இருக்கின்றன. அரசு ஏட்டில் அவர்கள் தாயகம் திரும்பியோர்.

இதை ஏன் இப்போது ஒரு சர்வதேசச் சட்டப் பிரச்சினையாக எடுத்துப் பேச வேண்டும்? நாடற்ற நிலையை ஒழிப்பதற்காக ஐ.நா. அகதிகள் அமைப்பு 2014இல் தொடங்கிய பத்தாண்டு இயக்கம் 2024இல் இலக்கை எட்டாமலேயே முடிந்து, அதன் இடத்தில் ஒரு புதிய கூட்டணி வந்திருக்கிறது. அதே 2024 பிப்ரவரியில் ஆப்பிரிக்க ஒன்றியம் குடியுரிமைக்கென்றே ஒரு நெறிமுறையை ஏற்றது. 2025 ஏப்ரலில் ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம், பணம் கொடுத்தால் குடியுரிமை தரும் மால்டாவின் திட்டம் செல்லாது என்றது. குடியுரிமை என்பது அரசு இஷ்டப்படி கொடுத்து வாங்கும் பொருளா, அல்லது மனிதனுக்கும் மண்ணுக்கும் இருக்கும் உறவை அரசு ஒப்புக்கொள்வதா? இந்தக் கேள்வியைத்தான் எல்லாரும் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். மால்டாவில் விலைக்கு விற்றார்கள். நம் விஷயத்தில் தலையை எண்ணிப் பிரித்தார்கள்.

ஆய்வுக்காக ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்வோம். குறிப்பிட்ட எந்தக் குடும்பமும் இல்லை, ஆனால் இந்த மலையில் விசாரித்தால் இதே சாயலில் பல வீடுகள் கிடைக்கும். தாத்தா திருச்சிப் பக்கத்திலிருந்து, தோட்டத்துக்கு ஆள் சேர்க்கும் கங்காணியோடு கண்டிச் சீமைக்குப் போனவர். பேரப்பிள்ளைகள் மூவரும் ஹட்டனுக்கு அருகே ஒரு தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் லைன் வீட்டில், பிறந்தவர்கள். அக்கா இந்தியக் குடியுரிமைக்கு எழுதிப் போட்டு 1973இல் கப்பலேறி கோத்தகிரிக்கு வந்தார். அண்ணன் இலங்கைக்கு எழுதிப் போட்டார், கிடைத்தது, அங்கேயே இருக்கிறார். தம்பியும் இந்தியாவுக்குத்தான் எழுதிப் போட்டார். பதில் வருவதற்குள் கப்பல் நின்றுவிட்டது. தமிழர் எதிர்ப்புக் கலவரத்துக்குப் பிறகு படகில் வந்து திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிறார். ஒரே லயத்து அறையில் வளர்ந்த மூவருக்கும் மூன்று விதமான சட்டநிலை.

முதலில் குடியுரிமை எப்படிப் போனது

இந்தியாவில் பலர் 1964இலிருந்து கதையைத் தொடங்குகிறார்கள். அது சரியில்லை. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளில், அதாவது இலங்கையின் தேயிலை மலைப்பகுதியில், இலங்கை இந்தியக் காங்கிரஸ் பல இடங்களைப் பிடித்தது. அடுத்த ஆண்டே இலங்கைக் குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தவர், தன் தகப்பனும் இலங்கையில் பிறந்தவர் என்றோ, தகப்பன்வழித் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் அங்கே பிறந்தவர்கள் என்றோ காட்ட வேண்டும். தாய்வழி கணக்கில் வராது. லயத்தில் பிறந்த கொள்ளுத்தாத்தாவுக்குப் பிறப்புச் சான்றிதழ் யார் வைத்திருப்பார்கள்? 1949இல் இன்னொரு சட்டம் வந்து, நீண்டகாலம் வசித்தவர்கள் பதிவு செய்துகொள்ளலாம் என்றது. 8 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காக விண்ணப்பம் போனது. சுமார் 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. நடுவில் வாக்குரிமையும் போயிற்று.

இதை எதிர்த்து ஒரு வழக்கு, இலங்கைக்கு அன்று கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. இன்றைக்கும் குடியுரிமைச் சட்டம் படிப்பவர்கள் தவறாமல் பார்க்கும் கோடகன் பிள்ளை வழக்கு அதுதான். எந்தச் சமூகத்தையும் பாகுபடுத்தும் சட்டம் கூடாது என்று இலங்கையின் அன்றைய அரசியலமைப்பிலேயே 29வது பிரிவு இருந்தது. ஆனால் 1953இல் பிரிவி கவுன்சில், தன் குடிமக்கள் யார் என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் சட்டமன்றத்துக்கு இயல்பான வேலைதான் என்று சொல்லி வழக்கைத் தள்ளிவிட்டது. சட்டத்தின் வாசகத்தை மட்டும் பார்த்தார்கள், அது யாரைக் குறிவைத்தது என்று பார்க்கவில்லை. என் கணிப்பில், பின்னால் நடந்த அத்தனைக்கும் கதவைத் திறந்துவிட்டது 1964 இல்லை, இந்தத் தீர்ப்புதான்.

அன்றைய சர்வதேசச் சட்டத்தில் இதற்கு எதிராக எதுவுமே இல்லையா என்றால், கொஞ்சம் இருந்தது. 1930இல் ஹேக் நகரில் செய்த உடன்படிக்கையின் முதல் பிரிவு, குடியுரிமையைத் தீர்மானிப்பது அந்தந்த நாட்டின் சட்டம்தான் என்று சொன்ன கையோடு, சர்வதேச உடன்படிக்கைக்கும் வழக்காற்றுக்கும் பொருந்தினால்தான் பிற நாடுகள் அதை ஏற்க வேண்டும் என்றது. 1948 டிசம்பரில் வந்த மனித உரிமைப் பிரகடனத்தின் 15வது பிரிவு, எவருக்கும் ஒரு குடியுரிமை உண்டு, அதைத் தன்னிச்சையாகப் பறிக்கக் கூடாது என்றது. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எந்த நாட்டின் குடியுரிமை, யார் கொடுக்க வேண்டும் என்ற இடத்தில் பிரகடனம் மௌனம். இலங்கை ‘இவர்கள் இந்தியர்கள்’ என்றது. நேரு ‘இவர்கள் அங்கேயே வேர்விட்டவர்கள், இலங்கைதான் பொறுப்பு’ என்றார். இருவர் சொன்னதற்கும் நடுவே இவர்கள் நாடற்றவர்கள் ஆனார்கள்.

1955இல் சர்வதேச நீதிமன்றம் நோட்டபோம் வழக்கில் வேறொரு கோணத்தைக் கொண்டுவந்தது. ஒரு நாடு ஒருவருக்காகப் பிற நாட்டோடு வழக்காட வேண்டுமென்றால், அந்த நாட்டுக்கும் அவருக்கும் உண்மையான பிணைப்பு இருக்க வேண்டும். அந்த அளவுகோலை நம் அக்கா மேல் வைத்துப் பாருங்கள். அவர் பிறந்தது, கொழுந்து பறித்தது, பெற்றோரைப் புதைத்தது எல்லாம் ஹட்டனில். இந்தியாவை அவர் பார்த்ததே இல்லை. பிணைப்பு என்ற ஒன்றை மட்டும் வைத்துத் தீர்த்திருந்தால் 9,75,000 பேரில் பெரும்பாலானோர் இலங்கைக்குத்தான் போயிருப்பார்கள். நோட்டபோம் தீர்ப்பைப் பின்னாளில் சட்டவல்லுநர்கள் நிறையவே சுருக்கிவிட்டார்கள். 2006இல் சர்வதேசச் சட்ட ஆணையம், குடிமகனைக் காக்க வரும் நாடு உண்மையான பிணைப்பை நிரூபிக்கத் தேவையில்லை என்ற நிலைக்கு வந்தது. அது நியாயம்தான். பிணைப்பு என்ற வாதத்தைக் கண்டபடி பயன்படுத்தினால், புலம்பெயர்ந்தவனின் குடியுரிமையைப் பிடுங்கவும் அதே வாதம் உதவும்.

ஒப்பந்தத்தில் இல்லாமல் போனது

ஒப்பந்தத்தில் யாருக்கும் பேர் இல்லை, தொகை மட்டும் இருந்தது. யார் எந்தக் கணக்கில் வருவார்கள் என்பதை விண்ணப்பத்தில் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். பார்வைக்கு அது விருப்பத் தேர்வு மாதிரி இருக்கும். ஆனால் இலங்கைக் குடியுரிமை கேட்டு விண்ணப்பித்தவர்கள் ஒதுக்கிய 3 லட்சத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். இந்தியாவைக் கேட்டவர்கள் 5,25,000ஐத் தொடவே இல்லை. மக்கள் விருப்பம் ஒரு பக்கம் சாய்ந்தது, அரசுகளின் கணக்கு மறுபக்கம் சாய்ந்தது. இத்தனைக்கும் 3,00,000க்கு 5,25,000, அதாவது நாலுக்கு ஏழு என்ற விகிதத்தில்தான் இரண்டு வேலையும் நகர வேண்டும் என்று வேறு முடிவாகியிருந்தது. ஏழு பேர் கப்பலேறினால்தான் நாலு பேருக்கு அங்கே பிரஜாவுரிமை. அண்ணனுடைய காகிதம் அக்காவின் பயணத்தோடு கட்டிப்போடப்பட்டிருந்தது என்று சொன்னால் மிகையாகாது.

இன்றைக்கு இப்படிச் செய்ய முடியுமா? 1999இல் சர்வதேசச் சட்ட ஆணையம் அரசு வாரிசுரிமையின்போது, அதாவது ஒரு நிலப்பரப்பு ஒரு நாட்டின் கையிலிருந்து இன்னொரு நாட்டின் கைக்கு மாறும்போது, குடியுரிமை எப்படி அமைய வேண்டும் என்று வகுத்த விதிகளில், ஒருவர் வழக்கமாக எங்கே வசிக்கிறாரோ அந்த நாட்டின் குடியுரிமை அவருக்குக் கிடைக்கும் என்பதே முதல் அனுமானம். அதோடு சம்பந்தப்பட்டவரின் விருப்பத்தைக் கேட்டுத் தேர்வுரிமை தர வேண்டும். 1923இல் லொசானில் கிரீஸும் துருக்கியும் மதத்தை வைத்து மக்களைக் கட்டாயமாக மாற்றிக்கொண்டதை அன்றைய உலகம் ஒரு தீர்வாகவே பார்த்தது. இன்று அதைத் தீர்வு என்று எவரும் சொல்வதில்லை. 1964 அந்த இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்கிறது. ஆளைத் துப்பாக்கி காட்டி ஏற்றவில்லை, ஆனால் ‘இல்லை’ என்று சொன்னால் அவருக்கு எந்த நாடும் இல்லை.

வந்த பாதையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒப்பந்தம் கையெழுத்தான இரண்டே மாதத்தில், டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் தனுஷ்கோடி அழிந்தது. அதனால் தலைமன்னாரிலிருந்து கப்பல் ராமேஸ்வரத்துக்கு வந்தது. ‘ராமானுஜம்’ கப்பலில் வந்தோம் என்று இங்குள்ள வயதானவர்கள் சொல்வார்கள். மண்டபம் முகாமில் இறங்கி, பேமிலி கார்டைக் காட்டி, யாருக்கு எந்த ஊர், என்ன உதவி என்று பிரித்து அனுப்பினார்கள். பலருக்கு வியாபாரக் கடன் என்று சமவெளியில் கொஞ்சம் பணம் கொடுத்தார்கள். கொழுந்து பறிக்க மட்டுமே தெரிந்தவர் திருச்சியிலோ மதுரையிலோ என்ன கடை வைப்பார்? பணம் கரைந்ததும் தேயிலை எங்கே இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டு மலை ஏறினார்கள்.

அக்கா: குடியுரிமை இருக்கிறது, நிலம் இல்லை

அக்கா விஷயத்தில் குடியுரிமைச் சிக்கல் எதுவும் இல்லை. கண்டியில் இந்தியத் தூதரக அலுவலகம் 1955ஆம் ஆண்டு குடியுரிமைச் சட்டத்தின் 5(1)(பி) பிரிவின்கீழ் அவரைப் பதிவு செய்து பாஸ்போர்ட் கொடுத்தது. கோத்தகிரியில் பிறந்த பிள்ளைகள் பிறப்பாலேயே குடிமக்கள்.

அவருக்கு வேலை கொடுப்பதற்காகவே 1968இல் தமிழக வனத்துறை நீலகிரியில் அரசுத் தேயிலைத் திட்டத்தைத் தொடங்கியது. அதுதான் பின்னால் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டேன்டீ (தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம்) ஆனது. ஒரு சர்வதேச ஒப்பந்தத்தை நிறைவேற்றுவதற்காகக் காட்டைத் திருத்தித் தேயிலை நட்டார்கள். அந்தக் காடு ஆளில்லாத காடு கிடையாது. பணியர், காட்டுநாயக்கர், குறும்பர், இருளர் புழங்கிய மண் அது. பழங்குடிகள் வழிவழியாகப் பயன்படுத்தும் நிலத்தில் அவர்களுக்கு உடைமை உண்டு என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 107வது உடன்படிக்கையை இந்தியா 1958இலேயே ஏற்றிருந்தது. ஆக, இலங்கைக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்ற, பழங்குடிகளுக்குக் கொடுத்த வாக்கின்மேல் தேயிலை நடப்பட்டது. இரண்டு கடமையும் ஒரே அரசுக்கு. இதில் சிலோனிலிருந்து வந்தவரையும் ஆதிவாசியையும் எதிரெதிராக நிறுத்திப் பேசுகிறவர்களை எனக்குப் பிடிப்பதில்லை. இருவரும் கேட்காமலேயே இருவர் தலையிலும் விழுந்தது அது.

அக்கா ஓய்வுபெற்றார். லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டும். வாங்கிய கூலியில் நிலம் வாங்கியிருக்க முடியாது. கூடலூர்ப் பக்கம் போனவர்கள் நிலை இன்னும் மோசம். அங்கே 1969ஆம் ஆண்டு ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் பதினேழாவது பிரிவில் மாட்டிக்கொண்ட நிலங்கள் ஏராளம். ‘செக்‌ஷன் 17’ என்று சொன்னால் கூடலூரில் சின்னப் பிள்ளைக்கும் புரியும். பட்டா கிடையாது, மின் இணைப்புக்கே வருடக்கணக்கில் அலைய வேண்டும். 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் கைகொடுக்குமா என்றால், பழங்குடி அல்லாதவர் 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டு அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கணக்குப் போட்டால் 1930க்குப் போகிறது. 1973இல் வந்தவர் எங்கே போவார்? அரசே கொண்டுவந்து குடியமர்த்தியவர்களுக்கென்று ஒரு வரிகூட அந்தச் சட்டத்தில் இல்லை.

இதற்கிடையே டேன்டீ நஷ்டத்தில் ஓடுகிறது என்று 2022இல் 2,000 ஹெக்டேருக்கும் மேற்பட்ட தேயிலைப் பரப்பை வனத்துறைக்கே திருப்பிக் கொடுக்க அரசு முடிவெடுத்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வந்தார்கள். யானை வழித்தடத்துக்கு நல்லது என்று சொல்பவர்கள் பேச்சிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இந்தியா 1979இல் சேர்ந்த பொருளாதார, சமூக, பண்பாட்டு உரிமைகள் உடன்படிக்கையின் 11வது பிரிவில் உறைவிட உரிமை இருக்கிறது. வீட்டை விட்டு வெளியேற்றும்போது கலந்து பேச வேண்டும், யாரையும் வீடற்றவராக்கி விடக் கூடாது என்று அதன் குழு 1997இலேயே விளக்கம் கொடுத்துவிட்டது. அந்த விளக்கத்தை நீட்டி, அரசு ஒப்பந்தப்படி அழைத்து வந்தவர்களுக்கு மறுவாழ்வு என்பது ஒரு சம்பளக்காலத்தோடு முடியாது என்று வாதிடலாம். எனக்குத் தெரிந்து நம் நீதிமன்றங்களில் இந்தத் திசையில்தான் வாதம் எடுபடும். ஒப்பந்தத்தை நேரடியாகக் காட்டினால் நீதிபதி, ‘இதை நாடாளுமன்றம் சட்டமாக்கியதா?’ என்று கேட்பார். நம் அரசியலமைப்பின் 253வது பிரிவையும், சர்வதேச உடன்படிக்கை தானாகவே உள்நாட்டுச் சட்டம் ஆகிவிடாது என்ற 1980ஆம் ஆண்டு ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் தீர்ப்பையும் எதிர்த்தரப்பு எடுத்துப் போடும். 1997இல் விசாகா வழக்கில் காட்டிய வழி, உள்நாட்டுச் சட்டத்தின் இடைவெளியைச் சர்வதேச உடன்படிக்கையால் நிரப்பிப் படிப்பது. உயிர்வாழும் உரிமையைச் சொல்லும் 21வது பிரிவோடு சேர்த்து அப்படி வைத்தால் காது கொடுப்பார்கள்.

அண்ணனைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. 3,00,000 கணக்கில் வந்து இலங்கைக் குடிமகன் ஆனார். அவருடைய பிரச்சினைகள் கூலியும் லயமும் காணியும். அவை வேறொரு கட்டுரைக்கு உரியவை.

தம்பி: தப்பான கோப்பில் இருப்பவர்

சிக்கலெல்லாம் தம்பியிடம்தான். பொதுவாக இவரை இலங்கைத் தமிழ் அகதி என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்தும் மன்னாரிலிருந்தும் வந்த ஈழத்தமிழர் இலங்கைக் குடிமக்கள். போருக்குத் தப்பி வந்தவர்கள். அவர்களுக்கு அகதிச் சட்டம் வேண்டும். தம்பிக்கு இலங்கைக் குடியுரிமை என்று ஒன்று இருந்ததே இல்லை. அவர் இந்தியாவிடம் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தவர். கலவரம் அவரை முன்கூட்டியே துரத்தியது, அவ்வளவுதான்.

ஒப்பந்தக் கணக்கைக் கொஞ்சம் பொறுமையாகப் போட்டுப் பார்க்கலாம். 1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் மிச்சமிருந்த 1,50,000 பேரை ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். இந்தியாவின் பங்கு 6,00,000, இலங்கையின் பங்கு 3,75,000 என்று ஆனது. 1981 அக்டோபரோடு கெடு முடிந்தது என்று இந்தியா சொன்னது. 1984இல் கப்பலும் நின்றது. இந்த இடத்தில் பலர் கோப்பை மூடிவிடுகிறார்கள். ஆனால் 1986இல் இரு அரசுகளும் மறுபடி உட்கார்ந்து பேசின. இந்தியாவுக்கு விண்ணப்பித்தவர்கள் 5,06,000 பேர், அவர்களையும் அவர்கள் பிள்ளைகளையும் இந்தியா ஏற்கும். 6,00,000க்கு விண்ணப்பம் குறைந்த 94,000 பேரை இலங்கை எடுத்துக்கொள்ளும். 3,75,000ஓடு 94,000ஐக் கூட்டினால் 4,69,000. இந்த எண்ணை வைத்துத்தான் இலங்கை அதே ஆண்டு 5ஆம் எண் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1988இல் இன்னொரு சட்டம் போட்டு மிச்சப் பேருக்கும் கொடுத்தது.

அப்படியானால் ‘கெடு 1981இல் முடிந்தது’ என்ற வாதம் 1986இல் எங்கே போயிற்று? கெடு முடிந்த ஐந்து ஆண்டு கழித்து, அந்த 5,06,000 பேர் நம் பொறுப்பு என்று இந்தியா திரும்பவும் ஒப்புக்கொண்டிருக்கிறது. தம்பி அந்த எண்ணுக்குள் ஒருவர். ஒப்பந்தம் முடிந்தாலும் அதை நிறைவேற்றும்போது உண்டான உரிமையும் கடமையும் சட்டநிலையும் அழியாது என்று வியன்னா ஒப்பந்தச் சட்ட உடன்படிக்கையின் 70வது பிரிவு சொல்கிறது. இந்தியா அதில் சேரவில்லை என்றாலும், அதன் பெரும்பகுதி வழக்காற்றுச் சட்டம் என்றே எல்லா நீதிமன்றமும் எடுத்துக்கொள்கிறது. ஒரு குறை இருக்கிறது: அந்தப் பிரிவு பேசுவது ஒப்பந்தத் தரப்புகளின், அதாவது அரசுகளின், உரிமையை. தம்பி தரப்பு இல்லையே என்பார்கள்.

தனிமனிதர் ஓர் ஒப்பந்தத்திலிருந்து உரிமை பெற முடியுமா என்பது பழைய சண்டை. 1928இல் டான்சிக் ரயில்வே ஊழியர் விவகாரத்தில் அன்றைய உலக நீதிமன்றம், தரப்புகளின் நோக்கம் அதுவாக இருந்தால் முடியும் என்றது. 2001இல் லாகிராண்ட் வழக்கில், தூதரக உதவி பெறுவது கைதான மனிதனுடைய உரிமையும்தான் என்று சர்வதேச நீதிமன்றம் சொன்னது. குல்பூஷண் ஜாதவுக்காக இந்தியா 2019இல் வென்றதும் இதே பாதையில்தான். பாகிஸ்தானிடம் தன் குடிமகனுக்காக இந்தியா வைத்த வாதத்தை, கொட்டப்பட்டில் இருப்பவர் இந்தியாவிடம் வைக்கும்போது மட்டும் செல்லாது என்று சொல்வது சங்கடமான நிலைதான். ‘இவர்கள் ஏதாவது ஒரு நாட்டின் குடிமக்கள் ஆக வேண்டும்’ என்பதுதான் 1964 கடிதங்களின் அறிவிக்கப்பட்ட நோக்கமே. அதைவிடத் தெளிவாக மனிதனைக் குறித்த நோக்கம் வேறு எப்படி இருக்கும்?

உள்நாட்டுச் சட்டம் வேறு பக்கம் இழுக்கிறது. 2003 திருத்தத்துக்குப் பிறகு, செல்லுபடியாகும் ஆவணம் இல்லாமல் வந்தவர் சட்டவிரோதக் குடியேறி, அவர் பதிவுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2019இல் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் ஆப்கானிஸ்தான், வங்கதேசம், பாகிஸ்தான் மூன்றையும் மட்டும் சொன்னது. இலங்கை இல்லை. அஸ்ஸாம் உடன்பாட்டுக்காக 6ஏ என்று தனிப் பிரிவே சட்டத்தில் இருக்கிறது, 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் அது செல்லும் என்றும் சொல்லிவிட்டது. ஒரு மாணவர் இயக்கத்தோடு செய்த உடன்பாட்டுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது, ஓர் அண்டை நாட்டோடு செய்த ஒப்பந்தத்துக்குக் கிடைக்கவில்லை.

2019 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொண்ட தீர்ப்பு. திருச்சி முகாம்களில் இருந்த மலையகத் தமிழர்கள் போட்ட வழக்கு அது. இவர்களை வெறும் சட்டவிரோதக் குடியேறிகள் என்று தள்ளாமல், புதிதாக விண்ணப்பம் வாங்கிப் பரிசீலிக்கச் சொன்னார். 2022இல் அதே கிளை, மண்டபம் முகாமில் 1986இல் பிறந்த ஒரு பெண்ணுக்கு பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னது. காரணம் எளிது: 1987 ஜூலை 1க்கு முன் இந்திய மண்ணில் பிறந்தவர், ஓரிரு விதிவிலக்கு தவிர, யாராக இருந்தாலும் குடிமகன்.

இந்தத் தேதியைத் தம்பி வீட்டில் வைத்துப் பாருங்கள். மூத்த மகள் 1986இல் பிறந்தாள், குடிமகள். இரண்டாமவன் 1990, பெற்றோரில் ஒருவர் குடிமகனாக இருந்தால்தான் அவனும் குடிமகன், ஆகவே இல்லை. 2006இல் பிறந்த கடைக்குட்டிக்கு விதி இன்னும் கடுமை. ஒரே அறை, ஒரே ரேஷன், மகளுக்கு ஓட்டு உண்டு, தகப்பனுக்கும் அவளுக்குப் பின் பிறந்தவர்களுக்கும் இல்லை. 1992இல் இந்தியா சேர்ந்த குழந்தை உரிமை உடன்படிக்கையின் 7வது பிரிவு, பிள்ளை நாடற்றதாகிவிடும் என்றால் அரசு கூடுதல் கவனம் எடுக்க வேண்டும் என்கிறது. அந்தப் பிள்ளைக்கு இப்போது கல்லூரி வயது.

மத்திய அரசு 2025 செப்டம்பரில் ஒரு விலக்கு ஆணை வெளியிட்டது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் மேல், ஆவணம் இல்லாமல் இருப்பதற்காகக் குற்ற நடவடிக்கை இல்லை. ஜெயில் பயம் போனது என்ற அளவில் நிம்மதிதான். ஆனால் அது இவர்களை இலங்கை நாட்டவர் என்று வைத்துத்தான் பேசுகிறது. தம்பி அந்தச் சலுகையை வாங்கிக்கொண்டால், நான் இலங்கைக் குடிமகன் என்று ஒப்புக்கொண்டதாக நாளைக்கு யாராவது சொல்வார்களோ என்பது என் கவலை.

இங்கே எதிர்த்தரப்பின் பலமான வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். இலங்கை 2003இல், 1964 அக்டோபர் 30இலிருந்து அங்கே வசித்த இந்திய வம்சாவளியினருக்கும் அவர்கள் வழிவந்தோருக்கும் குடியுரிமைச் சட்டம் கொண்டுவந்தது. 2009இல் அதைத் திருத்தி, இந்தியாவில் அகதிகளாக இருப்பவர்களுக்கும் வழிவிட்டது. ‘அங்கே கதவு திறந்திருக்கிறது, போகலாமே’ என்பார்கள். சட்டப்படி இதற்குப் பதில் உண்டு. 1954ஆம் ஆண்டு நாடற்றோர் உடன்படிக்கையில், எந்த நாடும் தன் சட்டப்படி தன் குடிமகனாகக் கருதாதவரே நாடற்றவர். கேள்வி இன்றைய நிலையைப் பற்றியது. நாளைக்கு விண்ணப்பித்தால் கிடைக்கக்கூடிய ஒன்றை இன்றைக்குக் கணக்கில் சேர்க்க முடியாது. ஐ.எஸ். அமைப்பில் சேர சிரியா போன பிரிட்டன் பெண் ஷமிமா பேகம் வழக்கில் பிரிட்டன் இதே கோட்டைத் தாண்டி, வங்கதேசச் சட்டப்படி அவருக்குக் குடியுரிமை உண்டு என்று காகிதத்தில் காட்டிப் பறித்தது. வங்கதேசமோ அவர் எங்கள் ஆள் இல்லை என்று கைவிரித்தது. அதனால்தான் இந்த விவாதம் உலகமெங்கும் சூடாக இருக்கிறது. இந்தியாவும் இலங்கையும் 1954, 1961 உடன்படிக்கைகள் இரண்டிலும் சேரவில்லை என்பது வேறு.

இன்னொரு பக்கத்தில் சிவில், அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 12(4)வது பிரிவு இருக்கிறது. எவரையும் ‘தன் சொந்த நாட்டுக்குள்’ நுழைய விடாமல் தன்னிச்சையாகத் தடுக்கக் கூடாது. சொந்த நாடு என்பது குடியுரிமையைவிட விரிந்தது என்று 1999இலும், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக 2011இல் முடிந்த நிஸ்ட்ரோம் வழக்கிலும் மனித உரிமைக் குழு சொன்னது. ஒருவர் வாழ்நாளெல்லாம் வேர்விட்ட இடம் அவருடைய நாடுதான். முகாமில் முப்பது, நாற்பது வருடம் இருந்தவருக்கும் அங்கேயே பிறந்த பிள்ளைகளுக்கும் அது எந்த நாடு? விரும்புகிறவர் ஹட்டனுக்குப் போகட்டும், இலங்கைக் கதவு திறந்திருப்பது நல்லதுதான். ஆனால் அது அவர் தேர்வாக இருக்க வேண்டும். 1964இல் கேட்காமல் விட்டதை இப்போதும் கேட்காமல் விட வேண்டாம்.

நடைமுறையில், முகாமில் இருக்கும் மலையகக் குடும்பம் முதலில் தேட வேண்டியது மண்டபம் பதிவோ முகாம் அடையாள அட்டையோ இல்லை. கண்டியில் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீது, தூதரகக் கடிதம், குடும்பத்தில் யாருக்காவது வந்த பேமிலி கார்டின் நகல், தோட்டத்து ‘செக் ரோல்’ என்ற தொழிலாளர் வருகைப் பதிவில் இருக்கும் பேர். கூடப்பிறந்தவர் கோத்தகிரியிலோ கூடலூரிலோ இருந்தால் அவருடைய பாஸ்போர்ட்டில் பழைய முகவரியும் பெற்றோர் பெயரும் இருக்கும். அது தம்பியின் விண்ணப்பத்துக்கு வலுவான துணை. 1950 முதல் 1987 ஜூன் 30 வரை இங்கே பிறந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் இருந்தால், மற்றவர்களின் வழக்குக்குக் காத்திருக்காமல் அந்தப் பிள்ளைக்கு மட்டும் தனியாக முதலில் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்துவிடுவது நல்லது. மலையில் அக்கா வீட்டுப் பரணில் இருக்கும் தகரப்பெட்டியைத் திறந்து பார்க்காமல் எந்த வழக்கறிஞரும் மனு எழுத உட்காரக் கூடாது.